குளிராத பிரிட்ஜ்

எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் எனக்குப் புற்றுநோய் வந்து சுகமானது என்று இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. என் தலைமயிர் போனது ஒரு பிரிட்ஜால். போக வைத்தது என் வாய்க்கொழுப்பு. நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டால், கோயிலில் என் கையைப் பிடித்து "இப்ப எப்பிடி?" என்று கேட்கும் கூட்டம் கொஞ்சமாவது குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் தவம் லண்டனில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கி வந்து எங்கள் நோர்பரி வீட்டு வாசலில் நிறுத்தினார். படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளே அடங்கிய பெரிய வான். "இனி ஒரு ஸ்டொப்பிலும் நிக்காமல் ஓடப்போறன்" என்றார். ஸ்கொட்லாந்துக் கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றுவது என்று திட்டம்.

வான் வந்தது சித்திரையில். மார்கழியில் அவரால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மோட்டார் நியூரோன் என்று டொக்டர்மார் பெயர் சொன்னார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற வருத்தம். சிலருக்குக் கால், சிலருக்கு நாக்கு. இவருக்குக் கை. முதலில் பொத்தான், பிறகு தேத்தண்ணிக் கோப்பை, பிறகு வான் சாவி.

நான் உடனே ஒரு முடிவு எடுத்தேன். வருகிற கோடைக்கு எப்படியும் ஸ்கொட்லாந்து போவது, வானை நான் ஓட்டுவது. அது அவருடைய கனவு என்று எல்லாருக்கும் சொன்னேன். அவருக்கும் சொன்னேன். அவர் "ஓம்" என்றார். (அந்த ஓமுக்கு என்ன பொருள் என்று விசாரிக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.) மான்செஸ்டரில் வேலை செய்யும் எங்கள் மகள் அபி, வழியில் தங்கும் இடங்களையெல்லாம் பதிவு செய்து தந்தாள்.

பயணத்துக்குப் பிரிட்ஜ் அவசியம். தவத்துக்கு ஏற்கெனவே சீனி வருத்தம். மூன்று கிழமைக்கான இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். நான் டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். இன்சுலினைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற மிதப்பு வேறு.

அந்தப் பிரிட்ஜைக் கொன்றதே நான்தான். சுகமில்லாத வீட்டுக்கு வருகிற நம் சனம் கறியோடுதான் வரும். எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் நிறைந்து வழிந்தது. ஜன்னலால் ஒரு வயரை விட்டு, வானின் பிரிட்ஜைப் போட்டு, ஆட்டிறைச்சிக் கறியையும் கத்தரிக்காய்ப் பால்கறியையும் அங்கே அடுக்கினேன். குளிர்காலம் முழுக்க அது ஓடியது. ஆனியில் ஒருநாள் திறந்தபோது பால் திரிந்திருந்தது. தலைமயிருக்குச் சாயம் பூசும்போது வருகிற அதே நெடி மூக்கில் அடித்தது.

திங்கட்கிழமை, குரோய்டனிலிருந்து கரவன் திருத்துகிற ஒரு வயதான ஆங்கிலேயர் வந்தார். வானின் வெளிப்பக்க மூடியைக் கழற்றி, பிரிட்ஜின் முதுகில் இருந்த கறுப்புக் குழாய்களைக் காட்டினார். ஒரு மூட்டில் மஞ்சள்தூள் கொட்டியதுபோல ஒரு படிவு. கூலிங் யூனிட் செத்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும், தனக்கு நேரம் மூன்று கிழமை கழித்துத்தான் என்றார். நாங்கள் பயணம் வெளிக்கிடுவது சனிக்கிழமை.

"காஸை மட்டும் கழட்டி விடுங்கோ. மிச்சத்தை நாங்களே செய்வம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பிரிட்ஜ் கரண்டிலும் காஸிலும் ஓடக்கூடியது; அதன் காஸ் குழாயைக் கழற்றி அடைத்தார், வெள்ளிக்கிழமை வந்து பூட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார். நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். அவர் வானுக்குப் பின்னால் நின்று தவத்தோடு எதையோ கதைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய் காலை புது யூனிட் பெட்டியில் வந்து இறங்கியது. உதவிக்குத் தவத்தின் தம்பி ரவி வந்தான். ஈஸ்ட் ஹாமில் நகைக்கடை வைத்திருப்பவன். வாழ்நாளில் மூக்குத்தித் திருகாணிக்கு மேல் பெரிய ஆணி எதையும் கழற்றியதில்லை. தவத்தை வானுக்குள் இருக்கையில் இருத்தி, இரண்டு தலையணை வைத்து, முதலாளி ஆக்கினோம்.

"ரவி, இடப்பக்க ஆணியைக் கழட்டு."

"எந்த இடம் அண்ணை? எனக்கோ, பிரிட்ஜுக்கோ?"

"உனக்கு ஒரு ஆணி கழண்டுதான் கிடக்கு. பிரிட்ஜின்ரயைக் கழட்டு."

மத்தியானம் ஆவதற்குள் பிரிட்ஜை அதன் பொந்திலிருந்து இழுத்து எடுத்துவிட்டோம். எடுத்தபிறகுதான் தெரிந்தது, வானின் நடைபாதையும் பிரிட்ஜும் ஒரே அகலம். அது நடுவில் குப்புறக் கிடந்தது. ரவி வாசல் பக்கம். நானும் தவமும் உள்பக்கம். வெளியே போக வழி கிடையாது. தவத்துக்குச் சலம் போக வேண்டும் என்றபோது, மூவருமாக ஒரு சுடுதண்ணிப் போத்தலைத் தியாகம் செய்தோம். (எந்தப் போத்தல் என்று ரவியின் மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை.)

பழைய யூனிட்டைக் கழற்றினோம். பற்பசை போன்ற வெள்ளைப் பசையைப் பூசிப் புதியதைப் பொருத்தினோம். சுற்றியிருந்த இடைவெளியை நுரை அடித்து நிரப்ப வேண்டும். கட்டடக்காரர் ஜன்னல் ஓரங்களுக்கு அடிப்பார்களே, பொங்கிப் பெருத்து இறுகுமே, அந்த நுரை. டப்பாவில் 'சிறிதளவு' என்று எழுதியிருந்தது.

"காணும். காணும், நிப்பாட்டும்" என்றார் தவம்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. நான் வாசிச்சனான்."

எனக்கு அப்போது இடுப்பு வரைக்கும் பின்னல். நான் குனிந்து மறுபக்கத்துக்கு அடித்துக்கொண்டிருக்க, பின்னல் தோளால் வழுகி முதல் பக்கத்து நுரைக்குள் விழுந்தது. நுரை அதை அன்போடு ஏற்றுக்கொண்டது. நிமிர முயன்றபோதுதான், நானும் பிரிட்ஜும் ஒன்றாகிவிட்டோம் என்று தெரிந்தது. தண்ணீர் ஊற்றினோம். தேங்காய் எண்ணெய் ஊற்றினோம். நல்லெண்ணெயும் ஊற்றினோம். பிரிட்ஜ் தாளிக்கத் தயாராக இருந்ததே தவிர, என்னை விடவில்லை. இழுக்க இழுக்க, கையில் இருந்த நுரையையும் உச்சந்தலை வரை நானே பூசிக்கொண்டேன்.

"அண்ணி, வெட்டத்தான் வேணும்" என்றான் ரவி. சமையலறைக் கத்தரிக்கோலைக் கொண்டு வந்து, பிரிட்ஜுக்கு மேலால் எட்டி, காதோரம் வரைக்கும் வெட்டினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தவம் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணீர் வழிய. துடைக்கக் கை எழாமல் அப்படியே சிரித்தார்.

"சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ. உங்களுக்கெண்டுதானே இந்த விசர் வேலையெல்லாம்" என்று கத்தினேன்.

டொக்டர் பெயர் சொன்ன நாளிலிருந்து நான் அவரோடு விருந்தாளியோடு கதைப்பதுபோலத்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடுகிறீங்களா, படுக்கிறீங்களா, நோகுதா. முப்பது வருடமாகச் சண்டை பிடித்த மனுசனோடு ஆறு மாதமாக ஒரு சண்டையும் இல்லை. அது எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது.

அன்றிரவு பிரிட்ஜைத் திரும்பப் பொந்துக்குள் தள்ளி வெளியே வந்து, நுரை இறுகிப்போன மிச்ச மயிரையும் மழித்தோம். மறுநாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மருந்து வாங்க வந்த ஒரு அம்மா என் தலையைப் பார்த்தார், என் கையைப் பிடித்தார், ஒன்றும் கேட்காமல் கண் கலங்கினார். நான் பிரிட்ஜ் கதையைத் தொடங்குமுன் போய்விட்டார். பின்னேரம் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. நான் வந்து சேர்ந்தபோது ஸ்பீக்கரில் யாரோ ஒரு மச்சாள் அழுதுகொண்டிருந்தாள். தவம் கனிவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓம், ஓம். அவவுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். பாவம்."

அன்றைக்கே வயரைக் குத்திப் பிரிட்ஜைப் போட்டோம். வியாழன் காலை கையை விட்டுப் பார்த்தேன். வெளியே இருந்த அதே சூடு. மத்தியானம் பார்த்தேன். வைத்த பட்டர் உருகியிருந்தது. மருந்துக்கடையிலிருந்து வெப்பமானி கொண்டுவந்து வைத்தேன். அது என் பக்கமே நிற்கவில்லை. யூனிட் விற்றவர்களோடு ஆங்கிலத்தில் சண்டை, ரவியோடு தமிழில் சண்டை.

"இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்றார் தவம். "புதுச் சாமான்தானே."

வெள்ளி காலை குரோய்டன்காரர் வந்தார். என் தலையைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. காஸைப் பூட்டிச் சோதித்தார். பிரிட்ஜுக்குள் ஒரு மட்டக்கோலை வைத்தார். அதன் குமிழி ஒரு மூலைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

பொறுமையாக விளக்கினார். இந்தப் பிரிட்ஜுக்கு மோட்டார் கிடையாது. சூடேறி மேலே போகிற திரவம் தன்பாட்டில் கீழே வடிந்து வர வேண்டும். வான் சரிந்து நின்றால் வடியாது. எங்கள் வாசல் தெருவை நோக்கிச் சரிவு. மாதக்கணக்காகச் சரிவில் ஓடவிட்டதால்தான் பழையது செத்தது. புதியதில் ஒரு குறையும் இல்லை.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"திங்கட்கிழமையே உங்கள் கணவரிடம் சொன்னேனே. மட்டமாக நிறுத்தாமல் போட வேண்டாம் என்று" என்றார் அவர்.

தவம் வான் ஜன்னலால் பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் போகும்வரை பொறுத்தேன். பிறகு வானுக்குள் ஏறி, தவத்தின் முன்னால் இருந்தேன்.

"ஏன் சொல்லேல்லை?"

அவர் சொன்னார்: "குளிர்ந்தால் வெளிக்கிட வேணுமே."

நான் திறந்து கிடந்த பிரிட்ஜ் கதவைச் சாத்தினேன். அவர் தொடர்ந்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. அங்க எங்கயோ ஒரு மலைக்க வைச்சு எனக்கு மூச்சு எடுக்கேலாமல் போனால், நீர் தனிய என்ன செய்வீர்? நீர் இவ்வளவு ஆசையாச் செய்யேக்க எப்பிடி வேண்டாமெண்டுறது?"

"எனக்கு ஆசையோ? அந்த வானை ஓட்ட எனக்கும் பயம்தான். உங்கட ஆசையெண்டுதானே நான் நித்திரையில்லாமல் திரிஞ்சனான்."

"ஆசைதான்" என்றார். "கை இருக்கேக்க."

நான் அழுதேன். அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, விரல்கள் மடங்கிப்போன அந்தக் கையின் பின்புறத்தால் என் தலையைத் தடவினார்.

"இது வடிவாத்தான் கிடக்கு."

"பொய் சொல்லாதேங்கோ."

"ஓம், பொய்தான்."

அன்று பின்னேரம் ரவி நாலு பலகைகளைக் கொண்டுவந்து சில்லுகளுக்குக் கீழே கொடுத்து வானை மட்டமாக்கினான். சனி காலை பிரிட்ஜைத் திறந்தேன். தட்டில் ஐஸ் கட்டியிருந்தது. குளிர்ந்த மாம்பழத்தை வெட்டி, வானுக்குள் இருந்த தவத்துக்குத் தீத்திக்கொண்டிருந்தபோது அபி கூப்பிட்டாள்.

"அப்பா, வெளிக்கிட்டாச்சா?"

தவம் வாயில் இருந்த மாம்பழத்தை விழுங்கினார். "இல்லைப் பிள்ளை. பிரிட்ஜ் குளிரேல்லை."

அந்த மூன்று கிழமையும் நாங்கள் வாசலில்தான் விடுமுறை கழித்தோம். காலையில் அவரை வானுக்கு ஏற்றுவேன், மாலையில் இறக்குவேன். தெருவில் போகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்தே அது நேரத்துக்கு வருகிறதா, பிந்துகிறதா என்று சொல்லுவார். ஓட்டுகிறவனுக்குப் பேச்சும் விழும். தினமும் ஒரு சண்டையாவது பிடித்தோம். ஒரு குறையும் வைக்கவில்லை.

தை மாதம் அவர் போய்விட்டார். வீட்டில், எங்கள் கட்டிலில்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டின்போது, ரவி அடக்க மாட்டாமல், அன்றைக்குப் பிரிட்ஜ் குளிர்ந்ததையும் நாங்கள் வாசலில் மாம்பழம் சாப்பிட்டதையும் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். சனம் முதலில் என்னைப் பார்த்தது, பிறகு சிரித்தது. அபி மட்டும் சிரிக்கவில்லை. மேல் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கனநேரத்துக்குப் பிறகு சிவந்த கண்ணோடு இறங்கி வந்து, "மாம்பழமா சாப்பிட்டீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது ஒரு சொல்லாகிவிட்டது. யாராவது ஒரு விழாவுக்கு வராமல் சாட்டுச் சொன்னால், "பிரிட்ஜ் குளிரேல்லையாம்" என்பார்கள். ஆங்கிலம் மட்டும் பேசுகிற எங்கள் சகோதரங்களின் பிள்ளைகளும் இந்த இரண்டு சொல்லைத் தமிழில் பிழையில்லாமல் சொல்லுவார்கள்.

போன மாதம் அபி வந்திருந்தாள். வானை விற்றுவிட்டு, வீட்டையும் பூட்டிவிட்டு, தன்னோடு மான்செஸ்டரில் வந்து இருக்கும்படி கேட்டாள். மூன்றாவது தடவை. எனக்கென்று ஒரு அறை ஒதுக்கி, சுவருக்கு நிறம்கூட அடித்துவிட்டாளாம். படத்தைக் காட்டினாள். நல்ல அறை.

"பிரிட்ஜ் குளிரேல்லை, பிள்ளை" என்றேன்.

அவள் தொலைபேசியை மூடி வைத்தாள். என் தலையை ஒருமுறை தடவினாள். மயிர் இப்போது தோள்வரை வளர்ந்திருக்கிறது.

"ஓகே அம்மா" என்றாள். "குளிர்ந்ததும் சொல்லுங்கோ."