தெபோ ஏரியில் உப்புப் படகு

மதிப்பிற்குரிய மச்சான் மக்கான் துக்குரே அவர்களுக்கு, திம்புக்துவிலிருந்து புறப்பட்டு இன்னும் ஜென்னே வந்து சேராத உங்கள் தங்கை கணவன் சிலமான் சாக்கோ ஸலாம் கூறி எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். தங்கள் வீட்டாருக்கு அல்லாஹ் நலம் அருள்வானாக.

தெற்கிலிருந்து தங்கம் கொண்டுவருபவர்கள் உப்புக்காகக் காத்திருக்கிறார்கள், பிந்தினால் வேறு சந்தைக்குப் போய்விடுவார்கள் என்று நீங்கள் ஆள் மேல் ஆள் அனுப்பியதால்தான், மழை வரும் என்று ஓடக்காரர் கொந்தா தடுத்தும் கேளாமல் படகு நிறைய உப்புப் பாளங்களை ஏற்றிப் புறப்பட்டோம், தெபோ ஏரியின் நடுவில் வானம் கறுத்தது, மூடியிருந்த பாய்களைக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று, உப்பு கரையத் தொடங்கியது, கோரைப்புல்லுக்குள் ஒதுங்கப் போனால் அங்கே ஒரு நீர்யானை, பின்னால் அதன் குட்டி.

“யாரும் அசையாதீங்க,” என்றார் கொந்தா.

நான் அசையவில்லை. பற்கள் மட்டும் தம்பாட்டுக்கு அடித்துக்கொண்டன.

“அந்தப் பல்லையும் நிறுத்துங்க, அதுக்குக் கேட்டுடப் போகுது,” என்றாள் உங்கள் தங்கை நியலே.

மழைநீர் நிறைந்து படகு தாழ்ந்தது. பாளங்களைத் தள்ளச் சொன்னார் கொந்தா. நான் ஒன்றைக் கட்டிக்கொண்டேன். “ஒட்டகம் பாலைவனம் தாண்டிச் சுமந்து வந்தது. இதைப் போய் தண்ணியில போடுறதா?”

“அப்ப நீங்களும் அதோட போங்க. அண்ணனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்,” என்று நியலே முதல் பாளத்தைத் தள்ளினாள்.

அந்தச் சத்தத்தில் நீர்யானை எங்களை நோக்கிப் பாய்ந்து தண்ணீருக்குள் மறைந்தது. அதன் முதுகு முட்டி, படகு அடியிலிருந்து மெல்ல எழும்பியது. நான் கலிமா சொன்னேன், பாதியில் மறந்துவிட்டது. நியலே என் கையைப் பிடித்தாள், இருபது வருடத்தில் அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. படகு ஒருபக்கம் சரிந்து, பாளங்கள் வழுக்கி விழுந்து, பிறகு தண்ணீரில் நிமிர்ந்தது. நீர்யானை அந்தப் பக்கம் எழுந்து குட்டியோடு போய்விட்டது.

மீனவர் குடியிருப்பு ஒன்றில் கரை ஏறினோம். மிஞ்சியவை ஐந்து பாளங்கள். தங்க வணிகர்களிடம் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். இனி ஆற்று வணிகம் எனக்கு வேண்டாம், இது சத்தியம். பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ.

பின்குறிப்பு: மீன் பதப்படுத்த இங்கே உப்பே கிடைப்பதில்லையாம். ஐந்து பாளங்களையும் கொடுத்து, புகையில் உலர்த்திய மீனைப் படகு கொள்ளாத அளவு நியலே வாங்கிவிட்டாள். தங்கம் தோண்டுபவர்களும் சோறு தின்பவர்கள்தானே என்கிறாள். மழைக்காலம் முழுவதும் உப்பு கொண்டுவருவதாக இவர்களுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். ஓட்டப்போவது யார் என்று கேட்டேன். கொந்தா எனக்குக் கழி ஊன்றிப் படகு தள்ளக் கற்றுக்கொடுக்கிறார்.