இரண்டு உருப்படிகள்

செங்கல்வராயனால் அந்தக் கல்லைத் தாண்ட முடியவில்லை.

முழங்கால் உயரக் கல். சுண்ணாம்பு அடித்துப் புதிதாக நட்டிருந்தார்கள். ஒரு கோழி அதன்மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் குதித்துப் போய்விட்டது. செங்கல்வராயன் காலை எடுத்து வைத்தால் மட்டும், நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளியதுபோல் பின்னால் வந்து விழுந்தார்.

"இன்னா கிளார்க்கண்ணா, வரப்போறியா இல்லியா?" என்றாள் கன்னியம்மாள், கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"வந்துக்கினுதான் இருக்கேன். கல்லு வுடமாட்டேங்குது."

மணி ஒன்பது. நான்கு மணிக்குத் திருப்பதியில் அவர் மகள் தாட்சாயணிக்கு நிச்சயதார்த்தம். மனைவி யசோதா பெண்ணை அழைத்துக்கொண்டு முந்தின நாளே போய்விட்டாள். போகும்போது, "பேய் பிசாசுன்னு எங்கியாவது போய் உக்காந்துட்டீங்க, அப்புறம் நானே பேயாயிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த செங்கல்வராயன், இரண்டு வருஷத்துக்கு முன் நகரிப் பக்கம் கேம்ப் போன இடத்தில் மலையடி ஏரிக்கரையில் படுத்துத் தூங்கினார். காலையில் எழுந்தபோது கழுத்தில் இரண்டு புள்ளி இருந்தது, நிழல் இல்லை. அவர் ரத்தக்காட்டேரி ஆகிவிட்டார். ஆனால் மனசு ஆகவில்லை. விரலில் முள் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தாலே மயங்கி விழுகிற மனிதர் அவர். யசோதா ஆட்டு ரத்தத்தை வாங்கி வந்து, வெங்காயம் போட்டு வதக்கித் தர, கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு மருந்துபோல விழுங்குவார். வெயிலில் எப்போதும் குடை பிடித்துத்தான் நடப்பார். குடையின் நிழல் தரையில் விழுவதால், ஆளின் நிழலை யாரும் தேடுவதில்லை.

கன்னியம்மாள் புத்தூர்ச் சந்தையில் காய்கறி விற்பவள். எதையாவது தொட்டால் அதற்கு நடந்தது அவளுக்குத் தெரியும். உடனே வாக்கு வரும். சங்கடம் என்னவென்றால் வாக்கு சுத்தமான தெலுங்கில் வரும். அவளுக்கோ கத்தரிக்காய் விலை சொல்கிற அளவுக்குத்தான் தெலுங்கு. தன் வாயிலிருந்து வருவதன் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. தன்னைக் கடித்தது யார் என்று பேய்களை நேரில் பார்த்துக் கேட்க அவருக்கும் தைரியமான துணை தேவைப்பட்டது. அப்படித்தான் இருவரும் சேர்ந்தார்கள். பலமனேர் வரைக்கும் போய்ப் பேய் விசாரித்திருக்கிறார்கள்.

சாமந்திக்குப்பத்துக்கு அவர்களைக் கூட்டி வந்தவன் சின்னப்பன் என்ற குடியானவன். நகரிக்குக் கிழக்கே, பாதித் தெரு தமிழும் பாதித் தெரு தெலுங்கும் பேசுகிற ஊர் அது. எது ஆந்திராவுக்கு, எது மதராஸுக்கு என்று எல்லை பிரித்துக்கொண்டிருந்த சமயம். போன வாரம் ஊரே பூட்டிக்கொண்டு புத்தூருக்கு எல்லை விசாரணையில் சாட்சி சொல்லப் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஊரைச் சுற்றி இருபத்திரண்டு வெள்ளைக் கல். அன்றிலிருந்து தினம் ஒரு ஆடு கழுத்தில் இரண்டு ஓட்டையோடு, காய்ந்த தோல்பைபோலக் கிடந்தது.

முந்தின நாள் பொழுது சாய வண்டி கட்டி அவர்களை ஊருக்குள் கொண்டுவந்தான் சின்னப்பன். உள்ளே வரும்போது கல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த சர்க்கார் ஆபீஸிலும் உள்ளே போவது சுலபம்தானே. கன்னியம்மாள் செத்த ஆட்டைத் தொட்டாள். ஊர்க்கோடிப் புளியமரம் என்று வாக்கு வந்தது. "சரி, மரத்துல இருக்கிறது எங்கியும் ஓடிப்போவாது. நிச்சயத்த முடிச்சிட்டு திங்கட்கிழமை வந்து பாத்துக்கலாம்" என்று காலையில் கிளம்பிய செங்கல்வராயன்தான் இப்போது கல்லடியில் விழுந்து கிடந்தார்.

"ஓடி வந்து தாண்டு" என்றாள் கன்னியம்மாள்.

ஓடி வந்து தாண்டினார். அதே வேகத்தில் திரும்பி வந்து எருக்குழியில் விழுந்தார்.

"வண்டியில படுத்துக்கோ சார். மேல வைக்கோலு போட்டு மூடிடுறேன்" என்றான் சின்னப்பன்.

படுத்தார். மூடினான். மாடு நடந்தது. வண்டி கல்லைத் தாண்டியது, வைக்கோல் தாண்டியது, சின்னப்பன் தாண்டினான். செங்கல்வராயன் மட்டும் அந்தரத்தில் ஒரு கணம் நின்று, தொப்பென்று நடுவழியில் விழுந்தார்.

கன்னியம்மாள் கல்லின்மேல் கையை வைத்தாள். கண் செருகியது. "ராயி தாடலேடு! காகிதம் காவாலி! முத்ர காவாலி!" என்று ஊர் அதிரக் கத்திவிட்டுச் சாதாரணமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னா சொன்னேன்?"

"கல்லைத் தாண்ட முடியாதாம். காகிதம் வேணுமாம், முத்திரை வேணுமாம்."

"பேய்க்குமா முத்திரை?"

செங்கல்வராயனுக்கு ஆச்சரியமாக இல்லை. இருபது வருஷ சர்வீஸ்.

"காகிதத்துக்கு எங்க போறது? கல்லையே எடுத்துட்டா போச்சு" என்று சின்னப்பன் கடப்பாரையைக் கொண்டுவந்தான்.

கல் ஆடியது, சாய்ந்தது, பிடுங்கிக்கொண்டு வந்தது. நெஞ்சில் இருந்த அழுத்தம் சட்டென்று விட்டது. செங்கல்வராயன் ஒரு காலை வெளியே எடுத்து வைத்தார். யாரோ பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

தெலுங்குத் தெரு ரங்கையா. "ஏமய்யா! கல்லைப் பிடுங்கி ஊரையே மதராஸுக்குத் தள்றீங்களா? சித்தூர்லேருந்து ஆளு கொண்டாந்து இந்த வேலை பண்றீங்களா?"

"அய்யா, நான் எந்தப் பக்கமும் இல்லீங்க. எனக்கு நாலு மணிக்கு நிச்சயதார்த்தம்!"

"இந்த வயசுலயா?" என்றார் ரங்கையா, இன்னும் கோபமாக.

இரண்டு தெருவும் கூடிவிட்டது. ஒருவரை ஒருவர் இரண்டு பாஷையிலும் திட்டினார்கள். அவசரத்துக்குத் தெலுங்குத் தெருக்காரர்கள் தமிழிலும், தமிழ்த் தெருக்காரர்கள் தெலுங்கிலும் திட்டினார்கள். யாரோ குடையைப் பிடுங்க, வெயில் தலையில் இறங்கியது. கன்னியம்மாள் பாய்ந்து வந்து ஒட்டி நின்றாள். ஒரு நிழலில் இருவர் நின்றார்கள். கடைசியில், கல்லை உடனே திரும்ப நடவேண்டும் என்று தீர்ப்பாகி, நட்டார்கள். அவசரத்தில் பத்தடி உள்ளே தள்ளி நட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. குடை திரும்பக் கிடைத்தது. செங்கல்வராயன் அப்போதுதான் பக்கத்தில் ஒரு கிழவி நிற்பதைப் பார்த்தார். வெள்ளைத் தலை, மூக்குத்தி, கீழுதட்டில் வந்து உட்கார்ந்த இரண்டு பல். கால் தரையில் படவில்லை. கன்னியம்மாளையும் அவரையும் தவிர வேறு யாருக்கும் அவள் தெரியவில்லை.

"எவண்டா கல்லை நகத்தினது?" என்றாள் கிழவி. "எம்மரம் வெளிய போயிடுச்சு. நான் உள்ள மாட்டிக்கினேன். சண்டையை வேடிக்கை பாக்க ஒரு நிமிசம் எறங்கி வந்தா இந்தக் கதியா?"

"நீதான் ஆட்டைத் துன்றவளா?" என்றாள் கன்னியம்மாள், சந்தையில் சண்டைக்கு நிற்பதுபோல இடுப்பில் கை வைத்து.

"பேரு செல்லியம்மா. மரியாதையா கூப்புடு. நான் இன்னா ஆசைப்பட்டா துன்றேன்? நூறு வருசமா அந்த மலையில நரி, முயலுன்னு நிம்மதியா கெடந்தேன். ராத்தங்கலுக்குத்தான் இந்த மரம். பாழாப்போனவனுங்க கல்லை நட்டு என்னையும் சேத்து அடைச்சிட்டானுங்க. ஆட்டு ரத்தம் எனக்கு ஒத்துக்காது. வாயுத் தொல்லை." பேசிக்கொண்டே செங்கல்வராயனை உற்றுப் பார்த்தாள். "நீ ஏரிக்கரையில கொறட்டை விட்டவன்தானே?"

செங்கல்வராயனுக்குக் கழுத்து சில்லிட்டது. "நீங்கதானா அது!"

"ஒரு வாய்தான். அதுக்கு மேல முடியல. ரத்தமாடா அது? மோரு."

இரண்டு வருஷமாக, தன்னைக் கடித்த ஆளைக் கண்டால் என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று மனசில் எழுதிவைத்திருந்தார். இப்போது கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார். மணி பதினொன்றரை. தாட்சாயணி புதுப்புடவையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா இல்லாமல் தட்டு மாற்றமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கோபக்காரர்கள்.

"நாலு மணிக்கு நிச்சயம்னு கத்தினியே, பொண்ணுக்கா?" என்றாள் செல்லியம்மா. குரல் இறங்கியிருந்தது. "காகிதந்தானே கேக்குது. எழுதேண்டா. எழுதுறவன்தானே நீ? எனக்கும் சேத்து எழுது. வெளிய போனா நான் மலையேறிடுவேன், இந்த ஊரு பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டேன்."

செங்கல்வராயன் கல்மேல் காகிதத்தை வைத்து மனு எழுதினார். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. 'எல்லை' என்று எழுதினால் ரங்கையா மறுபடியும் வருவார். அதனால் 'நடப்பட்டுள்ள கற்கள்' என்று எழுதினார். 'இரண்டு நபர்கள்' என்று எழுதப் போய்ப் பேனா நின்றது. உயிரோடு இருப்பதாக அத்தாட்சி கொடுத்ததுபோல் ஆகிவிடும். யோசித்து, 'மேற்படி கிராமத்தில் அடைபட்டுள்ள இரண்டு உருப்படிகளைக் கற்களுக்கு வெளியே விட உத்தரவாக வேண்டியது' என்று முடித்தார்.

முத்திரைக்கு என்ன செய்வது என்று தவித்தபோது, காக்கி நிஜாரும் தோல்பையுமாக ஒரு ஆள் வெளிப்பாதையில் சைக்கிளில் வந்தான். ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டே வந்தான்.

"சர்வே ஆளு! போ, கன்னிம்மா, ஓடு!"

கன்னியம்மாள் மனுவோடு ஓடினாள். செங்கல்வராயனும் செல்லியம்மாவும் கல்லுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவன் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தான். "எத்தினி உருப்படி?"

"ரெண்டு சார். ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு."

"வாயில புண்ணு, நுரை ஏதாவது?"

கன்னியம்மாள் திரும்பிப் பார்த்தாள். செங்கல்வராயன் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார். எல்லை தாண்டுகிற ஆட்களுக்கு வைத்தியப் பரிசோதனை உண்டு என்று எங்கேயோ படித்த ஞாபகம் அவருக்கு.

"ஒண்ணும் இல்ல சார். பல்லு மட்டும் கொஞ்சம் நீட்டு, ரெண்டுக்கும்."

"அப்ப வயசாயிருக்கும். நல்லா துன்னுதா?"

"பொண்ணு நல்லா துன்னுது. ஆணுக்குத்தான் ஒண்ணும் எறங்கல."

"காலையில வேப்பிலைய அரைச்சு உருண்டை பண்ணி உள்ள தள்ளு."

"இவனை ஒரு வாய் பாத்துட்டு வரட்டா?" என்று செல்லியம்மா முன்னால் போக, செங்கல்வராயன் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

அவன் பையைத் திறந்து ரப்பர் முத்திரை எடுத்து, நீலமசியில் ஒற்றி, இரண்டு மனுவிலும் ஓங்கிக் குத்தினான். வட்ட முத்திரை. மசி ஊறிப்போய் எழுத்து படிக்கிற மாதிரி இல்லை. சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய்விட்டான்.

செங்கல்வராயன் மனுவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காலை வைத்தார். கால் அந்தப் பக்கம் பதிந்தது. எந்தக் கையும் தள்ளவில்லை.

செல்லியம்மா தன் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்லைத் தாண்டி நின்று, ஒரு மாதிரி கூச்சத்தோடு சொன்னாள்: "பொண்ணு நல்லா இருக்கட்டும். ஏரிக்கரை வெசயத்த மனசுல வச்சுக்காத." மலைப்பக்கம் போனாள். புளியமரத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நகரியில் ஒன்றரை மணி பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. கன்னியம்மாள் குறுக்கே போய் நின்று நிறுத்தினாள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தலையில் வைக்கோலும் வேட்டியில் எருவுமாகச் செங்கல்வராயன் பந்தலுக்குள் நுழைந்தார். யசோதா பேயாகவில்லை, பார்வை மட்டும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. தாட்சாயணி அப்பாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். பிறகு வைக்கோலைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். தட்டு மாற்றினார்கள். சாமந்திக்குப்பத்தில் அதற்குப் பிறகு ஒரு ஆடும் சாகவில்லை.

அடுத்த வாரம், நன்றிக் கடனுக்கு ஒரு தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு செங்கல்வராயனும் கன்னியம்மாளும் நகரிக்கு வந்தார்கள். டீக்கடை பெஞ்சில் அதே காக்கி நிஜார் உட்கார்ந்திருந்தது. பெயர் முனியப்பன் என்றான்.

"ரெண்டு உருப்படியும் சௌக்கியமா?"

"ஆணு இதோ..." என்று ஆரம்பித்த கன்னியம்மாளை முழங்கையால் இடித்துவிட்டு, "பொண்ணு மலைக்குப் போயிடுச்சுங்க" என்றார் செங்கல்வராயன்.

"மேயட்டும் மேயட்டும்."

செங்கல்வராயன் தட்டை நீட்டினார். "அன்னைக்கு நீங்க முத்திரை குத்தலேன்னா என் பொண்ணு நிச்சயமே நின்னுபோயிருக்கும். சர்வே டிபார்ட்மெண்டுல இப்படி ஒரு ஆபீசரை நான் பாத்ததே இல்லீங்க. அந்த எல்லைக் கல்லுக்கு அவ்வளவு சக்தி!"

முனியப்பன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சிரித்தான்.

"எல்லைக் கல்லா? சர்வேகாரங்க இன்னும் இந்தப் பக்கமே வரல சார். நான் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரு, கோமாரி நோய் வந்த மாடு ஊரைத் தாண்டக்கூடாதுன்னு அந்தக் கல்ல நட்டதே நாங்கதான், உங்க மனுவுல குத்தினது கறிக்கடையில ஆட்டுத் தொடை மேல குத்துற முத்திரை!"