கட்டிலுக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரி

வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பில் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பாவிக்காமல் விட முடியாது. முந்தி என்றால் அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு, "நல்லாய் வேலை செய்யுது" என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும். இப்போது வீடியோ அழைப்பு வந்துவிட்டது. அனுப்பியவர் முதலில் நமது சுகத்தை விசாரிப்பார். பிறகு, "போனை ஒருக்கா அந்தப் பக்கம் திருப்பு பாப்பம்" என்பார்.

என் கல்யாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து அக்கா அனுப்பியது, தானாகவே ஓடித்திரிந்து வீடு கூட்டும் இயந்திரம். கறுப்பாய், வட்டமாய், தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டுவினம். உன்ரை அக்கா அதைப் பெட்டியிலை போட்டெல்லோ அனுப்பியிருக்கிறாள்" என்றார் அம்மா.

எனக்கோ தலைகால் புரியவில்லை. சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கையில் வேறு எவரிடமும் இப்படி ஒன்று கிடையாது. அது ஒரு பெண் குரலில் ஆங்கிலமும் கதைத்தது. (என்னைவிட நல்ல ஆங்கிலம்.) அக்கா அதைத் தன் கைபேசியோடு இணைத்தே அனுப்பியிருந்தாள். அங்கேயிருந்து அவள் பொத்தானை அமத்தினால் இங்கே இது ஓடும். இதை நான் ஒரு பெரிய வசதி என்று நினைத்து, நண்பர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன். என் மூளை அந்தக் காலத்தில் அவ்வளவுதான்.

பொன்னுருக்கு நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரத்தில் தாலிக்கான பொன்னை உருக்குவது எங்கள் வழக்கம். பெண் வரமாட்டாள், அவளுடைய ஆட்கள் பலகாரத் தட்டுகளோடு வருவார்கள். நல்லூரிலிருந்து தர்சினியின் தாய்மாமன் தலைமையில் ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள். மாமா இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்தவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் கல்யாணம் இல்லை. பேசிச் செய்த சம்பந்தம் என்றாலும், தர்சினியோடு நாலு தரம் கதைத்ததிலேயே நான் விழுந்துபோயிருந்தேன். ஆகவே மாமா இருமினாலும் நான் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன்.

சடங்கு அழகாகவே நடந்தது. பத்தர் பொன்னை உருக்கி எடுத்தார். கடலை மணியளவு, மஞ்சளாய்ப் பளபளத்தது. அதை வெற்றிலையில் வைத்துத் தட்டோடு என் கையில் தந்தார்கள். மாப்பிள்ளை அதைச் சபையில் எல்லோருக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அக்கா அலுமாரியில் சாத்திவைத்த கைபேசிக்குள் பட்டுச்சேலையோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தவளின் கண், தம்பியின் முகத்தில் நின்றிருக்கலாம். பொன்னில் நின்றிருக்கலாம். போய் நின்றது நிலத்தில். நிறைகுடத்துக்குப் பரப்பிய அரிசி கொஞ்சம் அங்கே சிந்திக் கிடந்தது. சம்பந்திகள் முன்னால் இப்படியொரு குப்பையா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து அமத்திவிட்டாள்.

என் அறைக்குள்ளிருந்து ஆமை புறப்பட்டது. நாதஸ்வரப் பாட்டு உரத்துப் போய்க்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் கேட்கவில்லை. அது நேரே வந்து என் குதிக்காலில் முட்டியது. நான் பாம்பென்று நினைத்து, வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு துள்ளினேன். தட்டு ஒரு பக்கம், வெற்றிலை ஒரு பக்கம். பொன் உருண்டு உருண்டு போய் அதன் வாயடியில் நின்றது. 'கடக்' என்றொரு சத்தம். அவ்வளவுதான். எல்லோரும் என் துள்ளலையே பார்த்துக்கொண்டிருக்க, என் தாலிப்பொன்னை விழுங்கிவிட்டு அது வந்த வழியே அறைக்குள் போய்விட்டது.

சபை முழுக்கக் குனிந்து நிலத்தைத் தடவியது. எனக்கு வாய் திறக்கவே பயம். விறாந்தையில் இருந்த மாமா சத்தம் கேட்டு உள்ளே வந்தார். ஆரோ பாட்டை நிற்பாட்டினார்கள். அந்த அமைதியில் என் அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் தெளிவாய்க் கேட்டது.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். ஆங்கிலம் படிப்பித்த மனிதர் அல்லவா? முகம் கறுக்க மொழிபெயர்த்தார்.

"தான் மாட்டுப்பட்டுப் போனாளாம். வந்து தன்னை எடுத்துவிடட்டாம்."

"ஆர்?" என்றாள் ஒரு சித்தி.

"அதைத்தான் நானும் கேக்கிறன். தம்பி, உம்மடை அறைக்குள்ளை ஆர்?"

"அது... அக்கா அனுப்பினது, மாமா."

இதைவிடக் கேவலமான பதிலை இன்றுவரை என்னால் யோசித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா அறைக்குள் நுழைந்தார். கட்டிலுக்குக் கீழிருந்து குரல் மறுபடியும் உதவி கேட்டது.

"கட்டிலுக்குக் கீழையோ வைச்சிருக்கிறீர்!"

அந்த நேரம் பார்த்து, அலுமாரியிலிருந்து அக்கா கத்தினாள். "தம்பி! அவளுக்கு வயிறு நிறைஞ்சு போச்சாம்! என்ரை போனிலை சிவப்பாய்க் காட்டுது!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். பலகாரத் தட்டுகளைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்று பெண் வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் பட்டுவேட்டியோடு கட்டிலுக்குக் கீழே ஊர்ந்துபோய், விளக்குமாற்றால் தள்ளி, ஆமையை வெளியே எடுத்தேன். பேப்பர் விரித்து அதன் வயிற்றைத் திறந்தோம். அரிசி, தூசி, செத்த கரப்பான் ஒன்று, நடுவில் என் பொன். கடைசியில் நீளமாய் ஒரு தலைமயிர். மாமா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"உது என்ரை தான்!" என்று அம்மா இருந்த இடத்திலிருந்தே அழாத குறையாகச் சொன்னார்.

பத்தர் பொன்னை மஞ்சள் தண்ணீரில் கழுவினார். ஆனால் தாலிப்பொன் நிலத்தில் விழுந்தது நல்ல சகுனமா என்ற கேள்வி சபையில் எழுந்துவிட்டது. மாமா கைபேசியை எடுத்துத் தர்சினியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். நான் முருகனை நினைத்துக்கொண்டேன்.

மறுமுனையில் அவள் கேட்டாள்: "மாமா, அது ஒவ்வொரு நாளும் கூட்டுமோ?"

"கூட்டுமாம் பிள்ளை."

"அப்ப அவரிட்டைச் சொல்லுங்கோ, அவளை அனுப்பிப்போட்டாரெண்டால் நான் கழுத்தை நீட்டமாட்டன்."

முதலில் சிரித்தவர் மாமாதான். நல்ல நேரம் முடிவதற்குள் பொன்னை மறுபடியும் சபைக்குக் காட்டினேன். இந்த முறை அம்மா எனக்குப் பின்னால் விளக்குமாற்றோடு காவலுக்கு வந்தார்.

கல்யாணம் நடந்து வருடங்கள் போய்விட்டன. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி குடிக்கமுதல் அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். இப்போது முழங்கால் வருத்தம், குனிய முடியாது. அதனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி உரத்து விசாரிப்பார்.

"தம்பி, அவள் சுகமாய் இருக்கிறாளோ?"

எனக்கு முன்னம், குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தர்சினி பதில் சொல்லுவாள்: "ஓம் மாமா, அவள்தான் வேலை செய்யிறாள். கட்டிலிலை படுத்திருக்கிறது இவர்."