மாமனாருக்குச் சாம்பிராணி போட்ட கதை

நான் ரொம்பச் சுத்தக்காரன் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனே நான்தான். உண்மையில் என் சுத்தம் விருந்தாளி வரும் நாளில் தொடங்கி, அவர் செருப்பு மாட்டும்போது முடிந்துவிடும்.

அப்படி ஒருமுறை வந்தவர் என் மாமனார். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் அதிகாரம் செய்து ஓய்வுபெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பழுதான வேகனைப் பார்ப்பதுபோலவே பார்ப்பவர். இழுப்பும் நெபுலைசருமாகக் கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

என் மனைவி உமா ஜாதவ்பூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "மாஸ்க்கையும் மருந்துக் கப்பையும் கழுவி, சுத்தமான துண்டுல காய வைங்க. துளி ஈரம் இருக்கக்கூடாது, பூஞ்சை பிடிச்சிடும். பதினோரு மணிக்கு அப்பாவுக்கு மருந்து வைக்கணும்."

கழுவினேன். (குளிப்பாட்டினேன் என்றே சொல்லலாம்.) ஆனால் காய வேண்டுமே! வெளியே மூன்று நாளாக மழை. கல்கத்தாவில் ஆடியில் துவைத்த பனியன் ஐப்பசியில்தான் காயும். மணி பத்தே முக்கால். கூடத்தில் மாமனாரின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. உமா தலைக்குக் குளித்துவிட்டு, கூடையைக் கவிழ்த்து முடி உலர்த்திய சாம்பிராணி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. இடுப்பு வரைக்கும் உள்ள கூந்தலே காய்கிறது, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் காயாதா? கூடைமேல் மாஸ்க்கையும் கப்பையும் வைத்தேன். பத்தே நிமிஷத்தில் ஈரம் போயிற்று, மணமும் சேர்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மருந்து ஊற்றி மாட்டிவிட்டேன். மாமனார் ஒரே ஒரு மூச்சு இழுத்தார். அவர் இருமிய இருமலில் கீழ்வீட்டு பௌதி ஓடி வந்தார். (எங்களுக்கு அண்ணி மாதிரி, ஓய்வுபெற்ற நர்ஸ்.) மாஸ்க்கைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"ஏ கீ! பூஜோ கொரேச்சோ நாகி?" (இதென்ன, பூஜையா பண்ணினாய்?)

இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் உமா முகத்தில் எப்படி விழிப்பேன்? நிஜமாகவே பயந்துபோனேன். பௌதிதான் நெபுலைசர் பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த இன்னொரு மாஸ்க்கையும் கப்பையும் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார். கால் மணி நேரத்தில் விசில் அடங்கியது. (கழுவியதை உதறி, மருந்தில்லாமல் மெஷினைக் கொஞ்சம் ஓட்டினால் அந்தக் காற்றிலேயே மிச்ச ஈரம் போய்விடுமாம். மெஷின் என் காலடியிலேயேதான் இருந்தது.)

மாமனார் உமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நெகிழ்ந்தேன். மனிதர் அதை அடுத்து வந்த சொந்தக்காரர் கல்யாணத்தில் அவிழ்த்துவிடத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் என் தோளில் கை போட்டு இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"இவர்தான் என் மாப்பிள்ளை. மத்த மாப்பிள்ளைங்க எல்லாம் மாமனார் போனப்புறம்தான் தூபம் காட்டுவாங்க. இவருக்கு அதுவரைக்கும் பொறுமை இல்ல."