பத்தொன்பது டிகிரியில் ஒரு கணவன்

இனி நடப்பதில்லை என்று சித்திரை மாதத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதாக நிறைவேறியது. என்னைத் தவிர வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் நிறைவேற்றினேன்.

நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாலை போடுகிறவன் சாலையில் நடக்க வேண்டும் என்று எந்த அரசாணையும் கிடையாது. எனக்கு ஜீப் கொடுத்திருந்தார்கள். ஜீப்பைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு எனக்குக் கிடைத்தது தொப்பை. அதற்குப் பின்னால் சர்க்கரை. முழுச் சர்க்கரை இல்லை. எல்லைக்கோட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வரட்டுமா வேண்டாமா என்று கேட்கிற சர்க்கரை.

“தினமும் கொஞ்சம் நடங்க சார்” என்றார் டாக்டர் அஃபீஃபா. அவர் ஒரு தடவைதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு தடவை சொன்னதை நூறு தடவை எழுத வைப்பது அவள் தொழில்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கோயிலைச் சுற்றியுள்ள உத்திர வீதி நான்கையும் சுற்ற வேண்டும். முன்னால் ஆனந்தவள்ளியும், அவளோடு ஓய்வு பெற்ற இரண்டு டீச்சர்களும் போவார்கள். பின்னால் மூன்று பேருடைய தண்ணீர் பாட்டிலோடும் நான். எதிரே வருகிறவர்கள், “டீச்சர்கூட வாக்கிங்கா சார்?” என்று கேட்பார்கள். ‘கூட’ என்பது மிகை. ஆனாலும் திருத்தவில்லை.

நடையாவது போகட்டும். முறுக்கையும் நிறுத்திவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவளிடம் படித்தவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஒரு கடையில் போய் நின்றேன். “பொட்டுக்கடலை தரட்டுமா சார்? டீச்சர் அதுக்கு மட்டும்தான் சரின்னிருக்காங்க” என்றான் கடைக்காரன். நாடு கடத்தப்பட்டவனுக்குக்கூட வெளியே போனால் ஏதாவது கிடைக்கும். நான் உள்ளேயே கடத்தப்பட்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் பத்திரிகையில் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. வயதானவர்கள் தினமும் கொஞ்ச நேரம் மிதமான குளிரில் இருந்தால், உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்குமாம். இதற்கென்றே பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உள்ளே இருக்கிறதாம். சிறிய அளவில் செய்த ஆய்வுகள்தான், இன்னும் உறுதியாகவில்லை, நடையை விட்டுவிடாதீர்கள் என்று கடைசிப் பத்தியில் போட்டிருந்தார்கள். கடைசிப் பத்தியை நான் படிப்பதில்லை.

“ஆனந்தி, இத படி.”

“கண்ணாடி இல்ல. நீங்களே சொல்லுங்க.”

“குளிர்ல சும்மா உக்காந்திருந்தாலே சர்க்கரை குறையுமாம்.”

“சும்மா உக்காந்திருந்தா குறையும்னா உங்களுக்குச் சர்க்கரையே வந்திருக்கக் கூடாதே.”

“குளிர்லங்கிறேன். உடம்புல பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு இருக்கு. அது அடுப்பு மாதிரி. குளிர் பட்டா பத்திக்கும்.”

“உங்ககிட்ட இருக்கா அது?”

“எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்கும்.”

“உங்ககிட்ட கொழுப்பு இருக்கிறது தெரியும். கலர்தான் தெரியாது.”

“ஆனந்தி, இது விஞ்ஞானம்.”

“சரி, திருச்சியில சித்திரை மாசத்துல குளிருக்கு எங்க போவீங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். படுக்கையறையில் ஏசி இருக்கிறது. ரிமோட் அவள் வசம். இருபத்தேழுக்குக் கீழே இறக்கச் சம்மதிக்க மாட்டாள். அவளுக்குக் குளிர் ஆகாது. இருபத்தைந்துக்குப் போனாலே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள்.

“பத்தொன்பதுல வச்சுக் கதவைச் சாத்திட்டு ரெண்டு மணி நேரம் உக்காரணும். கதவைத் திறக்கவே கூடாது. குளிர் ஓடிப் போயிடும்.”

ஆனந்தவள்ளி என்னைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்கிற பையனை முப்பது வருஷம் பார்த்த பார்வை அது. பிறகு டாக்டருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

“பண்ணலாம்மா. ஆனா பிரஷரை முதல்ல பாத்துருவோம். வயசானவங்களுக்குக் குளிர்ல பிரஷர் ஏறும். மெல்லிசா வேட்டி, பனியன். போர்வை கூடாது. ரொம்ப நடுங்கினா உடனே வெளிய வந்துரணும்.”

“நடைக்குப் பதிலா இது போதுமா டாக்டர்?” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

“பதிலான்னா...” என்று டாக்டர் இழுத்தார்.

“மூணு மாசம் பாக்கலாம் டாக்டர்” என்றாள் ஆனந்தவள்ளி.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அவளே ஒப்பந்தத்தைச் சொன்னாள். ஆடி மாசம் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை குறைந்திருந்தால் ஆயுசுக்கும் எனக்கு நடை கிடையாது. கூடியிருந்தால் சாயங்காலத்தோடு காலையிலும் உத்திர வீதி. அதுவும் ஷூ போட்டு. அரைக்கால் டிராயர் போட்டு.

ஸ்ரீரங்கத்தில் என்னை அரைக்கால் டிராயரில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காமலே இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பிரஷர் சரியாக இருந்தது. மறுநாளே தொடங்கினேன். வெளியே தார் உருகுகிற வெயில் அப்போதுதான் தணிந்துகொண்டிருந்தது. உள்ளே ஊட்டி. பத்து நிமிஷத்தில் மூக்கு நுனி என்னுடையதாக இல்லை. கால் நிமிஷத்துக்கு ஒருமுறை முதுகு சிலிர்த்தது. ஒரு மணி நேரம் போனபோது, இந்த ஆய்வுகளைச் செய்தவர்களுக்கு மனைவி இருந்திருக்க மாட்டாள், இருந்திருந்தால் அவர்கள் வேறு வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் அலமாரியிலிருந்து கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு கம்பளிதானே. அது அந்தப் பக்கம் வேலை செய்யட்டும், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

கம்பளிக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருந்தபோதுதான் அடுத்த ஞானம் பிறந்தது. கதவு சாத்தியிருக்கிறது. அவள் உள்ளே வரமாட்டாள். ஏசி இரைகிறது. முறுக்குத் தின்ன உலகத்தில் இதைவிட நல்ல இடம் உண்டா?

முறுக்குக்கு எங்கே போவது? ஸ்ரீரங்கம் பூராவும் அவள் ராஜ்ஜியம். ஆனால் எந்த ராஜ்ஜியத்துக்கும் ஓர் ஆறு எல்லையாக இருக்கும். காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் என்னை யாருக்கும் தெரியாது. பாலம் இறங்கியதும் மணப்பாறைக்காரர் பிச்சமுத்துவின் முறுக்குக் கடை.

ஸ்கூட்டரை எடுத்தால் எங்கே என்று கேட்பாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே போன் பண்ணிச் சொல்லிவிடுவார், அவரும் அவளிடம் படித்தவர். கேள்வி கேட்காமல் ஸ்ரீரங்கத்தில் ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரே வழிதான் உண்டு.

“கோயிலுக்குப் போயிட்டு வரேன்.”

“தினமுமா?”

“வயசாகுதுல்ல.”

“நல்லது. ரங்கநாதரை நான் கேட்டதாச் சொல்லுங்க.”

அவள் உத்திர வீதியில் சுற்றுகிற அதே நேரத்தில் நான் ராஜகோபுரத்தைத் தாண்டித் தெற்கே நழுவுவேன். முகம் தெரியாமல் இருக்கக் குடை. பாலத்தில் ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் மணல். போக அவ்வளவு தூரம், வர அவ்வளவு தூரம். திரும்பி வரும்போது இருட்டுவதற்குள் வந்தாக வேண்டும் என்பதால் ஏறக்குறைய ஓட்டம். நெடுஞ்சாலைத் துறையே என்னைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும்.

பிச்சமுத்து நல்ல மனிதர். ஒரே குறை, கடையில் சரக்கு இருக்காது.

“ரெண்டு முறுக்குதான் இருக்கு சார்.”

“ஒரு கிலோ கட்டுங்க பிச்சமுத்து. அடிக்கடி வர முடியாது.”

“அடுப்பு மக்கர் பண்ணுது சார். நாளைக்கு வாங்க.”

மறுநாளும் இரண்டுதான். ஒரு நாள் மாவு அரைக்கவில்லை. ஒரு நாள் ஆள் வரவில்லை. வியாபாரம் தெரியாத மனிதர் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே அந்த இரண்டையும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திரும்புவேன்.

“கோயில்ல கூட்டமா?” என்பாள்.

“ஜாஸ்தி.”

“அதான் இப்படி வேர்த்திருக்கு. துளசி குடுத்தாங்களா?”

“தீர்ந்து போச்சு.”

“பாவம். போங்க, போய்க் குளிர்ல உக்காருங்க.”

அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தி, கம்பளி போர்த்தி, முதல் கடி கடித்தேன் என்றால் கதவு தட்டப்படும்.

“என்னங்க, கடக்கு கடக்குன்னு என்ன சத்தம்?”

“குளிர்ல பல்லு தந்தியடிக்குது ஆனந்தி.”

“வெளிய வந்துருங்களேன்.”

“இல்ல, தாங்கிக்கிறேன்.”

“எவ்வளவு கஷ்டப்படுறீங்க!” என்பாள். குரலில் உருக்கம் இருக்கும். எனக்கே ஒரு நிமிஷம் என்மேல் இரக்கம் வந்து, இரண்டாவது முறுக்கை மெதுவாகக் கடிப்பேன்.

வைகாசி போய் ஆனி வந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. கம்பளி போர்த்தியும் இந்த வேலை செய்கிறதே, குளிரின் சக்தியே சக்தி என்று வியந்தேன். ஆடிக்காற்றில் பாலத்தில் குடை மூன்று தடவை தலைகீழாகத் திரும்பியது. ஆற்றில் தண்ணீர் வந்தது. எதற்கும் நான் நிற்கவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து காலை எடுத்துக்கொண்டு நல்ல பக்கம் வந்து நின்றது.

டாக்டர் அஃபீஃபா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். “குளிர் கொஞ்சம் உதவும்தான். ஆனா இந்த அளவுக்கா? நாடியப் பாத்தா தினம் நல்லா நடக்கிறவர் மாதிரி இருக்கே சார்.”

எனக்கு வியர்த்தது. நடந்தேன் என்றால் எங்கே என்பார்கள். எங்கே என்றால் முறுக்கு வரும்.

“இவரா?” என்றாள் ஆனந்தவள்ளி. “ஒரு அடி நடக்க மாட்டார் டாக்டர். எல்லாம் குளிர்தான்.”

என்னைக் காப்பாற்றியவள் அவள்தான். வாசலில் வைத்து, “தோத்துட்டேங்க. இனிமே உங்களுக்கு நடை கிடையாது” என்று தோல்வியையும் ஒப்புக்கொண்டாள். கல்யாணமாகி அவள் என்னிடம் தோற்றது அதுவே முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. எனக்கு.

வெற்றியைக் கொண்டாட வேண்டாமா? அன்று சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பினேன். பாலத்தைத் தாண்டிக் கடை வாசலில் போய் நின்றேன்.

“வாங்க சார், வாங்க! சர்க்கரை இறங்கிருச்சாமே!” என்றார் பிச்சமுத்து.

“யார் சொன்னது?”

“டீச்சர்தான் சார்.”

“எந்த டீச்சர்?”

“எனக்கு எத்தனை டீச்சர் சார்? மணப்பாறைல எங்களுக்குக் கணக்கு எடுத்தாங்களே, அவங்கதான். கல்யாணத்துக்கு முந்தி அங்கதானே வேலை பாத்தாங்க. நீங்க வந்த மொத நாளே போன் வந்துருச்சு. ‘பாலம் இறங்கினா மொதக் கடை உன்னோடதுதான், பிச்சமுத்து. குடையோட ஒருத்தர் பாலத்துல வர்றாராம். ஒரு நாளைக்கு ரெண்டு முறுக்குக் குடு, கூடக் குடுக்காத. கிலோ கணக்கா குடுத்தா மறுநாள் நடக்க மாட்டார்’னாங்க.”

“அப்ப அடுப்பு மக்கர் பண்ணினது?”

“அது நல்லாத்தான் எரிஞ்சுது சார். உள்ள டின் டின்னா இருக்கு, பாக்குறீங்களா?”

பார்க்கவில்லை. மூன்று மாதம் வெயிலிலும் காற்றிலும் நான் தேய்த்த செருப்பைத்தான் பார்த்தேன். பிறகு, இருந்த கொஞ்ச நஞ்ச மானத்தைத் திரட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்.

“பிச்சமுத்து, இனிமே செத்தாலும் இந்தக் கடை வாசலுக்கு வரமாட்டேன்.”

“இங்க வரவேண்டாம் சார்” என்றார் பிச்சமுத்து, இரண்டு முறுக்கை மடித்துக் கையில் கொடுத்தபடி. “நாளைலேருந்து கடை இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, புத்தூர்ல. டீச்சர்தான் இடம் பாத்துக் குடுத்தாங்க.”