பத்து வீதம் குறைந்த பந்து

யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம் ஓர் எண்ணைக் கேட்டு, கேட்ட அன்றே சரியான பதிலைப் பெற்ற எவரையும் நான் சந்தித்ததில்லை. பிறந்த பிள்ளை எத்தனை இறாத்தல் என்று கேட்டால் தாய் ஒரு இறாத்தலைக் குறைத்துத்தான் சொல்வாள். மகனுக்குக் கணக்கில் எத்தனை புள்ளி என்று கேட்டால் "ஏதோ பாஸ் பண்ணிட்டான்" என்பார் தகப்பன். பையன் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருப்பான். இதைப் பொய் என்று சொல்லக்கூடாது. நல்லதை முழுசாக வாய்விட்டுச் சொன்னால் நாவூறு படும். பட்டால் பிள்ளை இளைக்கும், மாடு வற்றும். நான் படித்தவன், பகுத்தறிவாளன், இதையெல்லாம் நம்புவதில்லை. (ஆனாலும் ஏன் வீண் ஆபத்து?)

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஒரு வரியால்தான் ஒரு சனிக்கிழமை காலையில் என் மருமகனின் எதிர்காலத்தைக் கிட்டத்தட்ட முடித்துவைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடம். அஜின்கோர்ட்டில் வசந்தி அக்கா வீட்டு பேஸ்மென்ற்றில் குடியிருந்தேன். அக்காவின் மகன் தீபனுக்கு வயது பதினேழு. ஐந்து வயதில் வந்தவன். கிரிக்கெட் என்றால் கொட்டாவி விடுவான். அவனுடைய உயிர் பேஸ்போலில் இருந்தது. உயர்பள்ளி அணியில் பந்தை எறிபவனும் அவனே, மட்டையால் விளாசுபவனும் அவனே. மேலே போகப்போக எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொள்வார்களாம். இரண்டையும் விடாதவன் அபூர்வமாம்.

"உது எங்கடை ஓல்ரவுண்டர் தானே? இதிலை என்ன அதிசயம்?" என்றேன் ஒருநாள்.

"மாமா, ப்ளீஸ்" என்றான் தீபன். அந்த ஒரு சொல்லில் எங்கள் நூறாண்டுக் கிரிக்கெட் பாரம்பரியத்தையே மைதானத்துக்கு வெளியே அடித்தான்.

அத்தானுக்கு பேஸ்போலும் ஒன்றுதான், கிட்டிப்புள்ளும் ஒன்றுதான். அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: எல்லைக்கு அங்கால, அமெரிக்காவில் ஏதாவது ஒரு கல்லூரி முழுப் புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிட்டால் போய் விளையாடு, இல்லையென்றால் வருகிற செப்ரெம்பரோடு மட்டையைக் கட்டிவைத்துவிட்டு எஞ்சினியரிங் படி. அந்த வசந்தத்தில் ஒரேயொரு கல்லூரிதான் ஆள் அனுப்பியது. திறமையை அளந்து அறிக்கை எழுதுவதற்கு ஒரு 'ஸ்கவுட்' வரப்போகிறார். அவர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வந்த ஸ்கவுட், மிஸ்டர் கெல்லர், அறுபது வயதுக்காரர். வெள்ளரிக்காய் போல நீண்ட முகம். வாயில் சூரியகாந்தி விதை. எதைப் பார்த்தாலும் அதில் என்ன குறை என்று தேடுகிற சாம்பல் நிறக் கண்கள். அவருடைய உதவியாளர் முதல்நாள் இரவு எதையோ தின்றுவிட்டு மோட்டலில் குளியலறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார். பந்தைப் பிடிக்க தீபனின் கோச் இருந்தார். அளவெடுக்கத்தான் ஆள் இல்லை.

"நான் செய்கிறேன். எங்கள் ஊரில் நான் அதிகாரபூர்வ ஸ்கோரர்" என்றேன் ஆங்கிலத்தில். (உண்மைதான். கல்லூரி அணிக்கு மூன்று வருடம் ஸ்கோர் எழுதினேன். விளையாட விடவில்லை என்பது வேறு கதை.)

தீபன் என்னை ஓரமாக இழுத்தான். "மாமா, நம்பரை மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதையாதேங்கோ. ஓகே?"

"ஓம், ஓம்."

பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கி தலைமயிர் உலர்த்தும் கருவி போல இருந்தது. கெல்லர் அதை என் கையில் தந்துவிட்டு, தான் பக்கவாட்டில் போய் நிற்பதாகச் சொன்னார். எண்ணைப் பார்க்கிற கண் கையைப் பார்க்காதாம். அவருக்குப் பையனின் தோள் சுழல்வதைப் பார்க்கவேண்டும். நான் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.

"நாற்பத்தொன்று!" என்று கத்தினேன்.

"அவன் இன்னும் எறியவில்லை. அது பஸ்" என்றார் கெல்லர், தெருப் பக்கம் கையைக் காட்டி.

என் பின்னால் மடக்குக் கதிரையில் அக்கா. மே மாதக் குளிருக்குக் கம்பளிச் சட்டை, மடியில் பிளாஸ்க், ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ். கெல்லர் நகர்ந்ததும் அக்கா முன்னுக்குச் சாய்ந்தா.

"டேய் தம்பி. உள்ளதை அப்பிடியே சொல்லிப்போடாதை."

"ஏனக்கா?"

"அந்த மனுசன்ரை கண்ணைப் பாரன். பூனைக் கண். பிள்ளை எறியத் துவங்கமுந்தியே முழுங்கிற மாதிரிப் பாக்கிறான். கொஞ்சம் குறைச்சுச் சொல்லு."

"அக்கா, இது அளவு. விஞ்ஞானம்."

"விஞ்ஞானம் பாத்து ஒண்டரை வயசிலை இவனை எல்லாருக்கும் முன்னாலை நடக்கவிட்டன். அண்டைக்கே காச்சல். குறைச்சுச் சொல்லடா."

தீபன் எறிந்தான். பந்து கோச்சின் கையுறையில் விழுந்த சத்தம் கதவை அடித்துச் சாத்தியது போல இருந்தது. துப்பாக்கியில் எண்பத்துநான்கு. மணிக்கு எண்பத்துநான்கு மைல்! கெல்லர் விதை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கண்கள் அப்போது உண்மையிலேயே பூனைக் கண்களாகத்தான் தெரிந்தன.

"எழுபத்தாறு" என்றேன்.

மனக்கணக்கில் நான் சுறுக்கன். நீதியாகவும் சீராகவும் பத்து வீதம் குறைத்தேன். கண்டபடி குறைத்தால் அது பொய்; சீராகக் குறைத்தால் அது ஒரு முறை. எண்பத்தைந்து வந்தபோதும் எழுபத்தாறுதான், அரையை விட்டுவிட்டேன். எண்பத்துமூன்றுக்கு எழுபத்தைந்து. கெல்லரின் முகம் மெல்ல மெல்ல நீண்டது. "கண் வேறு சொல்கிறது" என்று முணுமுணுத்தபடி குறிப்பேட்டில் எழுதினார். அக்கா என் முதுகில் தட்டி ஒரு ரோலை நீட்டினா.

அடுத்தது மட்டை. வேலிக்கு மேலால் போகும் பந்துகளை எண்ண என்னை மைதானத்தின் கோடிக்கு அனுப்பினார்கள். ஆறு போயின. பத்து வீதம் கழித்தால் ஐந்து தசம் நான்கு; ஐந்து என்று போய்ச் சொன்னேன்.

"நான் ஆறு எண்ணினேனே" என்றார் கெல்லர்.

"ஒன்று தெளிவில்லை, சேர்."

அவர் என் மூக்குக்கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

கடைசியாக ஓட்டம். வழமையில் அதுதான் முதலில் வருமாம். அன்று தீபனின் கை ஏற்கெனவே சூடாகிவிட்டபடியால் எறிதலை முன்னுக்குப் போட்டிருந்தார்கள். அறுபது யார் தூரம் ஓடவேண்டும். கால் புறப்படும் விதத்தைப் பார்க்க கெல்லர் தொடக்கக் கோட்டில் நின்று கையை இறக்குவார்; நான் முடிவுக் கோட்டில் நிறுத்தற் கடிகாரத்தோடு நிற்கவேண்டும். தீபன் பறந்து வந்தான். கடிகாரம் ஏழு தசம் ஒன்று காட்டியது.

ஏழு தசம் ஒன்றில் பத்து வீதம் கழித்தால் ஆறு தசம் நான்கு. என் கையும் வாயும் அதற்குள் பழகிவிட்டிருந்தன.

"ஆறு தசம் நான்கு!"

கெல்லர் தொப்பியைக் கழற்றினார். நான் அதை மரியாதை என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். அவர் அந்த அறுபது யார் தூரத்தையும் நடந்தே வந்தார். வரும்போது காலடிகளை எண்ணிக்கொண்டு வந்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

"திரும்ப" என்றார்.

தீபன் திரும்ப ஓடினான். கடிகாரத்தில் ஏழு தசம் இரண்டு. நான் ஆறு தசம் ஐந்து என்றேன். கெல்லர் காரிலிருந்து அளவு நாடா எடுத்து வந்து, கோச்சை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லித் தூரத்தை அளந்தார். சரியாக அறுபது.

"முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஆறு தசம் நான்கை இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். அதில் ஒரு தரம் கடிகாரம் பழுது. எறிவதை மறந்துவிடு, தம்பி. எழுபத்தாறுக்கு எவனும் வரமாட்டான். ஆனால் இந்தக் கால்கள்!" என்றவர் என்னிடம் கையை நீட்டினார். "கடிகாரத்தைத் தாரும். ஒரே ஒரு தரம். நானே பிடிக்கிறேன்."

எறிந்து, அடித்து, இரண்டு தரம் ஓடிக் களைத்திருந்த பிள்ளை மூன்றாம் தரமும் ஓடினான். ஏழு தசம் ஆறு.

கெல்லர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு வெளித்தது: ஓட்டத்தில் எண் குறையக் குறைய ஆள் விரைவு! நாவூறுக்குப் பயந்து என் மருமகனை ஒரே காலையில் மந்தமான எறிகாரனாகவும், வட அமெரிக்காவிலேயே வேகமான ஓட்டக்காரனாகவும் ஆக்கிவைத்திருந்தேன். நல்ல கணக்கன்!

"சேர், எங்கள் பண்பாட்டில் எண் முழுசாக வெளியே வந்தால் கண் படும்" என்று தொடங்கினேன்.

"யாருடைய கண்?"

"உங்களுடைய, சேர்."

தீபன் புல்லில் குந்தியிருந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கெல்லர் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. துப்பாக்கியைத் தானே எடுத்துக்கொண்டு திரும்ப எறியச் சொன்னார். அதற்குள் கை ஆறிப்போயிருந்தது, கால்கள் ஓடிக் களைத்திருந்தன. ஆகக் கூடியது எழுபத்தொன்பது. எண்பத்தைந்தைக் கண்ணால் கண்ட ஒரே மனிதன் நான். உலகத்தில் என் சாட்சியத்துக்கு அப்போது மதிப்பே இல்லை.

"நான் கண்டதைத்தான் எழுதலாம்" என்று குறிப்பேட்டை மூடினார். அக்கா ரோல்ஸ் பெட்டியை நீட்டினா. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு போகும்வரை காரில் தீபன் கையுறையை மடியில் வைத்து அதன் தோல்வாரை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். இறங்கும்போது, "இற்ஸ் ஓகே, மாமா. எஞ்சினியரிங்கும் நல்லதுதானே" என்றான். அதைவிட அவன் பந்தாலேயே எனக்கு எறிந்திருக்கலாம்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் இரண்டு பஸ் மாறி அந்த மோட்டலுக்குப் போனேன். கெல்லர் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெளிறிய முகத்தோடு உதவியாளர்.

"நீரா? இன்றைக்கு எத்தனை வீதம்?" என்றார் கெல்லர்.

எனக்கிருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து, நாவூறு என்றால் என்ன என்று விளக்கினேன். அன்பு வைத்தவர்கள்தான் குறைத்துச் சொல்வார்கள் என்றேன். பிறந்த பிள்ளையின் எடையிலிருந்து மாட்டின் பால் வரைக்கும் போனேன். மாட்டில் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எங்கள் ஆட்டத்தில் ஒன்று உண்டு" என்றார் மெதுவாக. "ஒருவன் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காமல் ஆட்டம் முழுக்க எறிந்துகொண்டு போகிறான் என்று வையும். அதை அவனிடம் யாரும் சொல்லமாட்டோம். அவன் பக்கத்தில் போய் இருக்கவும் மாட்டோம். வாயால் சொன்னால் கெட்டுவிடும்."

"அதேதான், சேர்! அதுதான் நாவூறு!"

"ஆனால் நாங்கள் பேசாமல் இருப்போம். குறைத்துச் சொல்லித் திரியமாட்டோம்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் கண்ட அவருடைய ஒரே சிரிப்பு அதுதான். பிறகு உதவியாளரைப் பார்த்தார். அவரால் அன்று நீண்ட பயணம் போக முடியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. நாளைக்குப் பின்னேரம் நான்கு மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: எறிந்து முடியும்வரை மாமா கார்த் தரிப்பிடத்தை விட்டு அசையக்கூடாது.

அடுத்தநாள் நான்கு மணிக்கு அத்தானின் பழைய காரில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தேன். முதுகுகள்தான் தெரிந்தன. கையுறையில் பந்து விழும் சத்தம் மூடிய கண்ணாடியைத் தாண்டியும் கேட்டது. பதினெட்டு எண்ணினேன். (உண்மையிலேயே பதினெட்டு.) கடைசியில் கெல்லர் தீபனின் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பது தெரிந்தது. அக்கா அழுதுகொண்டு ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தா.

"எத்தனை அக்கா? எத்தனை மைல் எறிஞ்சவன்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா.

"ஏதோ பரவாயில்லை" என்றா.

தீபன் அந்தக் கல்லூரிக்கே போனான். நான்கு வருடமும் எறிந்தான், நான்கு வருடமும் அடித்தான். இரண்டில் எதையும் விடவில்லை. இன்றைக்கு யூனியன்வில்லில் வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு டிசெம்பரிலும் நத்தாருக்குக் குடும்பம் முழுவதும் அங்கேதான் கூடும். யாராவது புதிதாகச் சம்பந்தம் செய்து வந்தால் தீபன் இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து நடித்துக்காட்டுவான்; என் குரலை அவன் பிடிக்கும் அளவுக்கு நானே பிடிப்பதில்லை. முடிவில் புது ஆள் தவறாமல் கேட்பார்: "அப்ப ரெண்டாம் நாள் எத்தனை எறிஞ்சனீங்கள்?"

"மாமா வெளியிலை போகட்டும். பிறகு சொல்லுறன்" என்பான் தீபன்.

நான் எழுந்து போவேன். போகாமல் இருந்து பார்த்திருக்கிறேன். அக்காவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடுவா. வீட்டுச் செருப்போடு பனியில் கராஜ் வாசலில் நின்று காதைக் கூர்மையாக்குவேன். உள்ளே தீபன் குரலைத் தாழ்த்தி எண்ணைச் சொல்வான். பிறகு எல்லாரும் சேர்ந்து "ஆ!" என்பார்கள். இத்தனை வருடமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எண்ணை ஊகித்து வருகிறேன். பொதுவாக எண்பத்தாறுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில் நிற்கும். போன நத்தாருக்குக் குரல் வளம் மிக்க புது மாப்பிள்ளை ஒருவர் வந்திருந்தார், தொண்ணூற்றைந்தைத் தொட்டுவிட்டது.