மாமனாரின் நடையும் என் நோட்டும்

காலை 6.10. முதலில் கண்ணில் பட்டது, நல்லூரில் மாமனார் வீட்டு வாசலில் பூட்டிக் கிடந்த மொபெட். அடுத்து, அதைப் பிரிய மனமில்லாமல் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மாமனார்.

அன்றிலிருந்து மூன்று மாதம் அவரை நடக்க வைப்பது என் பொறுப்பு. நான் அப்போது ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுபவன் என்று என்னை நானே நம்பிக்கொண்டிருந்த வயது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாமனாருக்குப் பன்னிரண்டு தையல் மெஷின் ஓடும் ஒரு பனியன் கம்பெனியும், நாளுக்கு இரண்டு கட்டு பீடியும் இருந்தன. நாலு மின்கம்பம் தூரம் நடந்தால் இடது கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும், நின்றால் சரியாகிவிடும். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார் கோவை மருத்துவர். பீடியை விட வேண்டும். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்: வலி நன்றாக வரும்வரை நடை, அது போகும்வரை நிற்பது, மறுபடி நடை. முன்னேற்றம் இல்லையென்றால் ஆபரேஷன். அதுவும் பலிக்காவிட்டால் கால் தங்காது என்பதை அவர் ஒளிக்கவில்லை.

"வலிக்குதுன்னு போனா, வலிக்கற வரைக்கும் நடக்கச் சொல்றாருங்க மாப்ள" என்று திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்கப் புலம்பினார் மாமனார்.

நோட்டு போட்டேன். வீட்டிலிருந்து பேக்கரி வரை இருபத்தாறு மின்கம்பங்கள். முதல் வாரம் கூடவே நடந்தேன். அவர் நின்றபோதெல்லாம் நின்றேன். நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. எட்டாம் நாள், எனக்காக நீங்கள் நின்று நின்று சிரமப்பட வேண்டாம், முன்னால் போய் டீ குடித்துக்கொண்டிருங்கள், வந்துவிடுகிறேன் என்றார். (மாமனார் இவ்வளவு பணிவாகப் பேசினால் அதில் ஒரு செய்தி இருக்கிறது என்று தெரியாதவன் என்ன நிருபர்?)

பேக்கரியில் பேப்பரோடு உட்கார்ந்தேன். முனை திரும்பி மாமனார் நடந்து வருவார், நேரத்தைக் குறிப்பேன். நாற்பத்தைந்து நிமிடம் முப்பத்தைந்து ஆனது, பிறகு இருபது. "முன்னேற்றம் மிகச் சிறப்பு" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அவர் சட்டை நனையாததையும் கவனித்தேன். அதையும் எழுதினேன்: "வியர்வை இல்லை. உடல் பழகிவிட்டது."

மூன்றாம் மாத முடிவில் மருத்துவர் நோட்டைப் படித்து என்னைப் பாராட்டினார். பிறகு மாமனாரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கச் சொன்னார். மூன்றாவது முறை திரும்பும்போது மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே நாலு மின்கம்பத் தூரம்.

விசாரித்ததில் வெளியே வந்தது இதுதான். அவர் வலிக்காக நிற்கும்போதெல்லாம் யாராவது வண்டியை நிறுத்தி, உங்க மொபெட்டுக்கு என்னாச்சுங்க, ஏறிக்குங்க என்றிருக்கிறார்கள். கம்பெனிக்காரர் ஒருவர் ரோட்டோரம் நிற்க, எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்துக்கொண்டே போய்விட மாட்டார்கள்.

"நிறுத்திக் கூப்புடறவங்ககிட்ட வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?" என்று மாமனார் மருத்துவரைக் கேட்டார். பேக்கரி முனைக்கு முன்பே இறங்கிக்கொண்டது, என் மனம் நோகக் கூடாது என்பதற்காகவாம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே மாப்ள."

மருத்துவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பீடியை விட்டது மட்டும் உண்மையாக இருந்ததால் இன்னும் மூன்று மாதத் தவணை கிடைத்தது. வண்டி நுழையாத இடமாகத் தேடி, கம்பெனி மாடியில் கட்டிங் டேபிளைச் சுற்றி நடக்க வைத்தேன். இந்த முறை கூடவே. முதல் வலிக்கு அவர் நின்றதும், திருநெல்வேலிக்காரரான கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "மொதலாளி நிக்காவல்லா, ஒரு சேரைத் தூக்கிப் போடுங்கல" என்றார். நாற்காலிகளைக் கீழே அனுப்பினேன். மறுநாள் முக்காலி வந்தது. அதையும் அனுப்பினேன். மூன்றாம் நாள் துணி பண்டலைப் பிரித்து மடித்து மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். பெண் எடுத்த இடத்தில் முதல்முறையாகக் கத்தினேன். மாமனார் மாஸ்டரிடம் எனக்காக வருத்தம் தெரிவித்தார். "மாப்ளைக்குப் பேப்பர்ல வேலை ஜாஸ்திங்க."

மூன்று மாதத்தில் பேக்கரி வரை ஒரே ஒரு முறை நின்று போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் பேச்சு நின்றது. நோட்டை வேறு யாராவது எழுதட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், இந்தத் தவணையை எழுதியது என் மனைவி. பழைய பக்கங்களையும் அவள் கிழிக்கவில்லை. இன்றும் எங்கள் வீட்டுக்கு யார் சீக்கிரம் வந்து சேர்ந்தாலும், நடந்து வந்தீங்களா, இல்லை நோட்டுப்படி நடந்து வந்தீங்களா என்றுதான் கேட்கிறாள்.

என் மகள் கல்யாணத்தன்று மாமனார் மண்டபத்துக்கு நடந்தே வந்தார். வழியில் எவரோ நிறுத்திக் கூப்பிட்ட வண்டியில் ஏறி வந்தது நான்.